குருவாயூரில் சோறு, வழியில் யானை

கோயிலும் காடும் ஒரே பயணத்தில் வேண்டும், மடியில் ஆறு மாதக் குழந்தையும் இருக்கிறது. பெங்களூர் வைட்ஃபீல்டின் இளம் பெற்றோர்கள் போடும் திட்டங்களும் அவற்றைப் புரட்டிப் போடும் சங்கதிகளும்.

சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணி. வைட்ஃபீல்டின் அடுக்குமாடி வளாகமொன்றின் கீழ்த்தளத்தில் காரின் பின்கதவு திறந்து கிடக்கிறது. ஃபிளாஸ்க், டயபர் கட்டு, கொசுவலைக் குடை, நாலு செட் துணி, இன்னும் நாலு செட் துணி, கூடையில் தேங்காயும் பட்டு வேட்டியும். கடைசியாக வருகிறது ஏழு கிலோ எடையுள்ள அந்த நபர், பாட்டியின் தோளில் தூங்கியபடி. மற்ற சாமான்கள் எல்லாம் அவருக்காகத்தான்.

மாதத்துக்கு ஒரு முறையாவது இந்த வளாகங்கள் ஏதாவது ஒன்றில் இந்தக் காட்சி நடக்கிறது. இங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகிச் சில வருடங்களே ஆன தம்பதிகள். கணவனுக்கு நாமக்கல் பக்கம் குலதெய்வம் இருக்கும். மனைவி பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பமாக இருப்பார். குழந்தை பிறந்தவுடன் இரண்டு பக்கத்து வேண்டுதல்களும் பட்டியலாக வந்து நிற்கும்: பழனியில் முடியிறக்க வேண்டும், குருவாயூரில் சோறூட்ட வேண்டும், திருப்பதிக்கும் ஒரு நடை போக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அப்பாவுக்கு ஒரு ஆசை இருக்கிறது. "போற வழியில பந்திப்பூர்ல ஒரு ராத்திரி தங்கிட்டா என்ன?"

வைட்ஃபீல்டுக்குக் குடியேற்றம் புதிதல்ல. மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில் 1882-இல் டி.எஸ். வைட் என்பவர் ஆங்கிலோ இந்தியர்களுக்காக உண்டாக்கிய குடியிருப்பு இது. அதற்கும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் இங்கே வந்துவிட்டது. பக்கத்துக் காடுகோடியில் கிடைத்த ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு பட்டந்தூர் ஏரி வெட்டிய செய்தியைச் சொல்கிறது. 1990-களின் கடைசியில் தொழில்நுட்பப் பூங்கா எழுந்த பிறகு வந்தவர்களுக்கு ஏரி வெட்டும் வேலை இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு நகரத்தைக் கடப்பதுதான் வேலை.

பயணத்தின் முதல் சோதனையும் அதுதான். வைட்ஃபீல்டு பெங்களூரின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. மைசூர் சாலையோ மேற்கே தொடங்குகிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையின் நீளம் சுமார் 118 கிலோமீட்டர். அதை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடும் குடும்பத்துக்கு, அந்தச் சாலையின் வாய்க்குப் போய்ச் சேரவே அதே நேரம் பிடிக்கும். காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பினால் அதற்கும் மேலே. நாலரை மணிக்குக் கிளம்புவது நல்ல நேரம் பார்த்து அல்ல.

மடியா, இருக்கையா?

காரில் குழந்தை எங்கே உட்கார வேண்டும் என்பதில் சட்டத்துக்கும் பாட்டிக்கும் ஒத்துப்போவதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டாலோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆனால் நம் சாலைகளில் கைக்குழந்தைகள் தாயின் மடியில்தான் போகின்றன, பல சமயம் முன்சீட்டிலேயே. திடீரென்று பிரேக் போட்டால் தாயின் கைப்பிடி போதாது. காற்றுப்பை விரிந்தால் முன்சீட்டுக் குழந்தைக்கு அதுவே எமன். பின்சீட்டில், பின்புறம் பார்த்தபடி பொருத்தும் இருக்கைதான் கைக்குழந்தைக்கு உரியது. அதிலும் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் தரும் யோசனை. எனவே கூகுள் காட்டும் ஆறு மணி நேரம் கைக்குழந்தையோடு ஒன்பது மணி நேரம் ஆகும்.

நிறுத்துவதற்கு இடமில்லாத சாலை அல்ல இது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரங்கநாதர் இருக்கிறார். சில கிலோமீட்டர் தள்ளி ரங்கனதிட்டு. காவிரியின் நடுவே உள்ள இந்தத் தீவுகளைச் சரணாலயமாக்கும்படி பறவையியலாளர் சாலிம் அலி கேட்டுக்கொள்ள, 1940-இல் மைசூர் அரசு அறிவித்தது. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. கைக்குழந்தையோடு காட்டுயிர் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தப் பாதையில் மிகப் பொருத்தமான இடம் இதுதான், பந்திப்பூர் அல்ல. படகுச் சவாரி குறுகியது, புழுதி கிடையாது, மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கைக்கெட்டும் தூரத்தில் கூடு கட்டியிருக்கும். பாறைமேல் வாய் பிளந்து கிடக்கும் முதலை அப்பாவின் கேமராவுக்குப் போதும். கைக்குழந்தைக்கு ஏற்ற அளவில் மிதவை அங்கி இருக்கிறதா என்று மட்டும் ஏறுமுன் கேட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் கிருஷ்ணராஜசாகர் அணை திறந்தால் படகுகள் நின்றுவிடும்.

அடுத்து நஞ்சன்கூடு. கபிலா நதிக்கரையிலுள்ள இந்தச் சிவனுக்கு ‘ஹக்கீம் நஞ்சுண்டர்’ என்ற பட்டத்தைத் தந்தவர் திப்பு சுல்தான். தன் பட்டத்து யானையின் பார்வை திரும்பியதற்கு நன்றியாக மரகத லிங்கம் கொடுத்தார் என்பது ஐதீகம். வைத்தியர் பட்டம் வாங்கிய தெய்வத்திடம் குழந்தையைக் காட்டாமல் எந்தப் பாட்டியும் காரை நகரவிடுவதில்லை.

ஒன்பது மணிக் கதவு

குண்டலுபேட்டையைத் தாண்டியதும் பயணத்தின் தன்மையே மாறுகிறது. பந்திப்பூர் 1973-இல் புலிகள் திட்டம் தொடங்கியபோதே அதில் சேர்ந்த ஒன்பது காடுகளில் ஒன்று. இதை ஊடுருவி இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் போகின்றன. ஒன்று கூடலூருக்கும் ஊட்டிக்கும், மற்றது வயநாட்டுக்கும். 2009-இலிருந்து இரண்டிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. இரவில் வண்டிகளில் அடிபட்டுச் சாகும் விலங்குகள்தான் காரணம். கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை ஆதரித்தது. கேரளம் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2019-இல் வயநாட்டில் இதை எதிர்த்துப் பெரும் போராட்டமே நடந்தது. ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

பெரியவர்கள் மட்டும் போகும் கார் ஒன்பது மணிக்கு முன்னால் எப்படியும் ஓடிப் பிடித்துவிடும். குழந்தை இருக்கும் காரில் கணக்கு தப்புவது சுலபம். மைசூரில் ஒரு முறை பால், நஞ்சன்கூட்டில் ஒரு முறை துணி மாற்றம், குண்டலுபேட்டைக்கு முன்னால் காரணம் தெரியாத அரை மணி அழுகை. சோதனைச்சாவடியில் ஒன்பது அடித்துவிட்டால் அழும் குழந்தை சலுகைக்குக் காரணமாகாது. திரும்பிப் போய் குண்டலுபேட்டையில் அறை தேட வேண்டியதுதான். அந்த அறையில் கொசுவலை இருக்காது.

அதைவிட முக்கியமான விஷயம், காட்டுக்குள் கைபேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். குண்டலுபேட்டைக்கும் கூடலூருக்கும் நடுவில் ஆஸ்பத்திரி என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லை. முதல் நாள் காய்ச்சல் இருந்த குழந்தையை ‘இப்போ சரியாயிடுச்சு’ என்று காட்டுப் பாதையில் கொண்டுபோவது துணிச்சல் இல்லை, அசட்டுத்தனம்.

சாலையில் யானை நிற்கும் என்பது உறுதி இல்லை. ஆனால் நிற்கும்போது இறங்காமல் இருப்பது பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் யானையோடு செல்ஃபி எடுக்கப்போன ஒருவரை அது துரத்தி மிதித்தது. அவர் உயிர் பிழைத்தார். வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது. காருக்குள் குழந்தை வீறிட்டால் என்ன செய்வது? கண்ணாடியை ஏற்றி, ஹாரன் அடிக்காமல், யானை வழிவிடும்வரை தூரத்திலேயே நிற்பதுதான். மார்போடு அணைத்துப் பால் கொடுத்தால் அழுகை அடங்கும். யானைக்கும் அது நல்லது.

சஃபாரி வேறு கதை. திறந்த ஜீப்பில் குளிர்காற்றும் புழுதியும் குலுக்கலும் மூன்று மணி நேரம். காட்டு விடுதிகள் பலவும் சிறு குழந்தைகளை ஜீப்பில் ஏற்றுவதில்லை. ஒருவர் குழந்தையோடு விடுதியில் இருக்க, மற்றவர் போய்வரலாம். யார் போவது என்பதில் அப்பாக்களே ஜெயிக்கிறார்கள் என்பது இந்தப் பயணங்களின் எழுதாத விதி. ஆறு மாதக் குழந்தைக்கோ புலியும் ஒன்றுதான், காரைத் துடைக்கும் மஞ்சள் துணியும் ஒன்றுதான். சொல்லப்போனால் துணி இன்னும் பக்கத்தில் இருக்கிறது. மனிதர்கள் புலிக்குப் பலியான சம்பவங்களை அடுத்து, 2025 நவம்பரில் கர்நாடக அரசு பந்திப்பூர், நாகரஹொளே சஃபாரிகளை நிறுத்தியது. அதன் பிறகு வந்த உத்தரவுகள் என்ன என்று கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொண்டே அறை பதிவு செய்வது பணத்துக்கு நல்லது.

கோயிலும் காடும் ஒன்றாகவே வேண்டுமென்றால் சஃபாரி இல்லாமலும் வழி இருக்கிறது. காட்டுக்குள்ளேயே 1,454 மீட்டர் உயரத்தில் ஹிமவத் கோபாலசுவாமி மலைக்கோயில். சொந்த வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் ஏற வேண்டும். மூடிய பேருந்து, குறைந்த தூரம், மேலே பனிமூட்டம், பாட்டிக்கு வேணுகோபாலன், அப்பாவுக்கு அதிர்ஷ்டமிருந்தால் புல்வெளியில் யானைக் கூட்டம். குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் இருந்தால் போதும்.

தேனும் தீர்த்தமும்

கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் வழியாக மலையிறங்கினால் கேரளம். நீலகிரி மாவட்டத்தைத் தொடும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்துவிட்டது. அதை வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். மலையிறக்கத்தில் குழந்தைக்குக் காது அடைக்கும். அந்த நேரம் பார்த்துப் பால் கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது திறக்கும்.

குருவாயூரில் சோறூட்டுக்கு ரசீது வாங்கியவர்கள் வரிசையாக உட்கார்கிறார்கள். மடியில் குழந்தை, எதிரே இலை, அதில் சுவாமிக்குப் படைத்த சோறு, பாயசம், பழம். பாட்டியின் கணக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் சந்திக்கும் அபூர்வமான இடம் இது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், அதன்பின் மற்ற உணவு என்கிறது அந்த நிறுவனம். சின்னத் தகராறு ஒன்று உண்டு. பாட்டி சொல்வது ‘ஆறாம் மாதம்’, டாக்டர் சொல்வது ‘ஆறு மாதம் முடிந்து’. இரண்டுக்கும் நடுவிலுள்ள முப்பது நாட்களில் எத்தனையோ வீடுகளில் மனஸ்தாபம் வந்திருக்கிறது. முகூர்த்தம் முந்திவிட்டால், உதட்டில் தொட்டுவைத்துவிட்டுச் சம்பிரதாயத்தை முடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயம் தேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அந்த வித்து எளிதில் சாவதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் தேன் உண்டு. ‘சாமி பிரசாதம், ஒண்ணும் பண்ணாது’ என்று விரலில் எடுத்து வாயில் வைக்கும் அன்பான பெரியவர்கள் எல்லாக் கோயில்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து குழந்தையின் வாயைக் காப்பது சாலையில் யானையைச் சமாளிப்பதைவிடக் கஷ்டம். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம், அதற்கு எந்த டாக்டரும் குறுக்கே நிற்பதில்லை.

குருவாயூரில் இன்னொரு பயமும் உண்டு. உள்ளே குழந்தை சிறுநீர் கழித்துவிட்டால் புண்யாகம் செய்து சுத்திகரித்த பிறகே வழிபாடு தொடரும், அதுவரை வரிசை நிற்கும். பின்னால் நிற்கும் சில நூறு பேரின் பார்வை குழந்தைமேல் அல்ல, தாய்மேல்தான் விழும். அந்தப் பார்வையை நினைத்தே உள்ளே போகாமல் வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு வரும் தாய்மார்கள் இருக்கிறார்கள். கண்ணனைக் குழந்தையாக வழிபடும் கோயிலில் இது கொஞ்சம் விநோதம்தான்.

திருப்பதியில் வேறு மாதிரி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையோடு வரும் பெற்றோரைப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் பார்த்துச் சுபதம் வழியாகக் கட்டணமின்றி அனுப்பும் ஏற்பாட்டைத் தேவஸ்தானம் வைத்திருக்கிறது. எந்த நாட்கள், எந்த நேரம் என்பது அவ்வப்போது மாறும். தமிழ்நாட்டில் 2015-இல் 352 பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. இதைப் போன்ற ஓர் அறை பெரிய கோயில்களின் வரிசைக்குப் பக்கத்திலேயே இருந்தால், தூண் மறைவில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தவிக்கும் பெண்களின் எண்ணிக்கை குறையும்.

குரங்குகள் காட்டிலும் உண்டு, கோயிலிலும் உண்டு. கையிலுள்ள பால்புட்டிதான் அவற்றின் குறி. நகம் கீறினாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது.

இத்தனையும் கேட்ட பாட்டிகளிடம் ஒரு பழைய யோசனை இருக்கிறது. இரவு கிருஷ்ணராஜபுரத்தில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் திருச்சூர், அங்கிருந்து குருவாயூர் ஒரு மணி நேரம். ரயிலில் இரண்டு பெர்த்துக்கு நடுவே புடவையால் தூளி கட்டித் தூங்கவைத்த தலைமுறை அது. 2022-இல் லக்னோ மெயிலில் கீழ்பெர்த்தோடு ஒட்டிய குழந்தைப் படுக்கையை ரயில்வே சோதனை முறையில் வைத்துப் பார்த்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தூளி ஓடிக்கொண்டிருந்தது. சோறூட்டு மட்டுமே நோக்கமென்றால் ரயிலை அடிக்க எதுவும் இல்லை. காரில்தான் போக வேண்டுமென்றாலும் ஒசூர், சேலம், கோவை, பாலக்காடு வழி நேராக இருக்கிறது. அதில் ஒன்பது மணிக் கதவு இல்லை.

ஆனால் அதில் யானையும் இல்லை என்பார் அப்பா. எனவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குருவாயூரில் மறுபடியும் கணக்குப் போடப்படும். இரண்டு மணிக்குள் கிளம்பினால் எட்டரைக்குத் தெப்பக்காடு. மூன்று மணிக்குக் குழந்தை இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் எழுப்ப மனமில்லை. பாட்டி கூடலூரில் அறை கிடைக்குமா என்று போனில் விசாரிக்கச் சொல்கிறார். அப்பா திங்கட்கிழமைக்கு லீவு கேட்டு மேலதிகாரிக்குச் செய்தி அனுப்புகிறார்.