மனநல மருத்துவரும் உளவியலாளரும்

காய்ச்சலென்றால் தயங்காது குடும்ப வைத்தியரிடம் செல்லும் நாம், மனம் நோயுற்றால் மட்டும் அதனை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கிறோம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்னும் அச்சம் ஒரு காரணம். யாரிடம் செல்வதென அறியாமை மற்றொன்று. அவ்வறியாமையை நீக்கும் பொருட்டு, நாம் வாழும் பிரித்தானியாவின் நடைமுறையை இங்கு விளக்குகிறோம்.

மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்று, 2 ஆண்டுகள் பொதுப் பயிற்சி முடித்து, அதன்பின் ஏறத்தாழ 6 ஆண்டுகள் மனநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு போலத் தோன்றுவது தைரொயிட் சுரப்பியின் குறைபாடாகவும் இருக்கலாம். ஆதலால் அவர் உடலையும் ஆராய்வார். தேவையெனில் இரத்தப் பரிசோதனை செய்விப்பார். நோய் இன்னதெனத் தீர்மானித்து மருந்தும் எழுதுவார்.

உளவியலாளர் மருத்துவரல்லர். மருத்துவமனைகளில் பணியாற்ற விரும்பும் உளவியலாளர், உளவியற் பட்டத்தின் பின் 3 ஆண்டுக் கலாநிதிப் பட்டப் பயிற்சியை முடிக்கின்றார். அவர் பெயருக்கு முன் "டாக்டர்" என்றிருப்பது இதனாலேயே. மருந்தன்று, பேச்சே அவரது கருவி. "பரீட்சையில் தவறினால் என் வாழ்வே முடிந்தது" என எண்ணும் மாணவி ஒருத்தியைக் கருதுவோம். அவ்வெண்ணம் அச்சத்தை வளர்க்கிறது. அச்சம் புத்தகத்தைத் தொடவிடாது தடுக்கிறது. படியாமை அச்சத்தை மேலும் பெருக்குகிறது. இச்சுழலை அவளே இனங்கண்டு, சிறிது சிறிதாக அறுத்து வெளிவர உளவியலாளர் பழக்குவார்.

கடும் நோயில் இருவரது உதவியும் வேண்டப்படலாம். யாரை நாடுவதென நாமே முடிவு செய்யவேண்டியதில்லை. குடும்ப வைத்தியர் வழிகாட்டுவார். இங்கிலாந்தில் வயதுவந்தோர், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்குமான பேச்சுச் சிகிச்சைக்குத் தாமாகவே விண்ணப்பிக்கவும் இயலும். உயிருக்கு ஆபத்தெனில் உடனே 999 ஐ அழைக்கவேண்டும்.

பெற்றோரே, வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் பிள்ளையை அழைத்துச் செல்லாதீர்கள். தன் துயரை 12 வயதுப் பிள்ளையின் வாயால் கூறவேண்டிய தாய், முழுவதையும் கூறமாட்டாள். கேட்ட பிள்ளையோ அப்பாரத்தைத் தனியே சுமக்கும். சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேளுங்கள். தேசிய சுகாதார சேவையில் அதற்குக் கட்டணமில்லை. ஒருவரின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து இருந்தாலன்றி, அங்கு கூறுவன வெளியே செல்லா.

மாணவர்களே, உறக்கமும் பசியும் குன்றி, விருப்பமானவையும் கசந்து, அந்நிலை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். காலந்தாழ்த்தாது கூறினால் குணப்படுத்தலும் எளிதாகும்.