மலைநாட்டு விதைக்கணக்கும் கறுப்புத் திரையும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய கொல்லிமலையில், சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகளை மரவள்ளி ஆக்கிரமித்துக்கொண்ட பிற்பாடு, எஞ்சிய பாரம்பரிய ரகங்களைப் பேணிக் காக்கும் பணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைவாழ் மக்களோடு சேர்ந்து உழைத்து வந்திருப்பது பலரும் அறிந்த விஷயம். அம்மலையின் அரியூர் நாட்டில் ஒரு பட்டதாரி இளைஞர், எந்த ரகம் யார் வீட்டிலிருந்து வந்தது, எப்போது விதைக்கப்பட்டது என்ற கணக்கை நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாற்ற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவருக்குப் பெரிய சர்வர் எதுவும் அவசியமில்லை. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்க்யூலைட், முழு டேட்டாபேஸையும் ஒரே கோப்பில் அடக்கிவிடுவதால், சிக்னல் கிடைக்காத மலைச்சரிவிலும் தடையின்றி இயங்கும். ஆனால் அதனுடன் வரும், கறுப்புத் திரையில் கட்டளை அடித்து இயக்கும் கமாண்ட் லைன் சாதனமோ சுபாவத்திலேயே பேசா மடந்தை; பட்டியலில் என்னென்ன பத்திகள் உள்ளன என்பதைக் கேட்டாலொழியச் சொல்லாது.

இந்தச் சிரமத்தைப் போக்க வந்ததே லைட்-சிஎல்ஐ என்ற சாதனம். அம்ஜித் ராமானுஜம் என்பவர் முதலில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்காக பிஜி-சிஎல்ஐ என்பதை உருவாக்கி, 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டி மைஎஸ்க்யூஎல்லுக்கு மை-சிஎல்ஐ செய்தார். அவற்றின் இளைய சகோதரமே லைட்-சிஎல்ஐ. இலவசமாகவே கிடைக்கிறது.

பைத்தான் உள்ள கணினியில் 'பிப் இன்ஸ்டால் லைட்-சிஎல்ஐ' என்று அடித்தால் போதும் என்பார்கள். எனினும் புதிய உபுண்டு பதிப்புகள், தம் சொந்தப் பைத்தானில் பிறர் கை வைப்பதை அனுமதிக்காமல் மறுத்துவிடுவதால், அங்கே பிப்-எக்ஸ் என்ற சாதனத்தை உபயோகிப்பதே உத்தமம். இணையம் தேவைப்படுவது இந்த ஒரு காரியத்துக்கு மட்டுந்தான்.

பிறகு கோப்பின் பெயரோடு லைட்-சிஎல்ஐயைத் திறந்தால், பட்டியல்களின் பெயர்களையும் பத்திகளின் பெயர்களையும் முதலிலேயே வாசித்து வைத்துக்கொண்டு, நாம் எழுதிவரும் வாக்கியத்தின் இடமறிந்து அவற்றை எடுத்து நீட்டுகிறது. 'ஃப்ரம்' என்றதும் பட்டியல்களை மட்டுமே காட்டும். 'வேர்' என்றதும் அந்தப் பட்டியலுக்குரிய பத்திகளைக் காட்டும். பெயரின் எழுத்துகளை இடையிடையே விட்டு அடித்தாலும் ஊகித்துக்கொள்ளும். முதலாளி வாயெடுக்கும்போதே பேரேட்டின் பக்கத்தைப் புரட்டி நிற்கும் பழைய கணக்குப்பிள்ளையின் சாமர்த்தியம் இது. எழுத்துப் பிழையால் வீணாகும் பொழுதைத்தான் இந்தச் சாமர்த்தியம் மிச்சப்படுத்துகிறதே தவிர, கேள்வியை நமக்காக யோசித்துத் தருவதில்லை என்பதை நான் ஒரு குறையாகக் கருதவில்லை.

என் அபிப்பிராயத்தில் இதைவிடப் பெரிய சௌகரியம் வேறொன்று உண்டு. 'இவ்வாண்டு விதைக்கப்படாத சாமை ரகங்கள் எவை' என்பது போன்ற நீண்ட வினாவை, பின்சாய்கோடும் 'எஃப்எஸ்' என்ற எழுத்துகளும் இட்டு ஒரு சிறு பெயரில் சேமித்துவிட்டால், அடுத்த பருவத்தில் பின்சாய்கோடும் 'எஃப்'பும் அந்தப் பெயரும் போதும். எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியை அறியாத மற்றொருவர்கூட விடையைப் பெறலாம்.

'டிராப்', 'டெலீட்' போன்ற அழிக்கும் கட்டளைகளை இட்டால், லைட்-சிஎல்ஐ நிச்சயந்தானா என்று ஒருமுறை வினவும். சம்மதம் தந்துவிட்டால் அதன் பொறுப்பு முடிந்தது. ஆகவே அத்தகைய காரியத்தில் இறங்குமுன் கோப்பை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்வது நல்லது.