இது தொட்டாற்சிணுங்கி அல்ல

பால்மரக் காட்டில் பார்த்துப் பழகிய தொட்டாற்சிணுங்கிதான் என்று மிமோசா பிக்ரா என்னும் இந்தப் புதரைப் பலர் கடந்துவிடுகிறார்கள். தொட்டால் இதன் இலையும் மூடுகிறதே! ஆனால் மூடும் இலையும் இளஞ்சிவப்புப் பூவும் இரண்டுக்கும் பொது. காம்பைப் பாருங்கள்: தொட்டாற்சிணுங்கிக்கு நுனியில் விரல்போல் நான்கைந்துக்கு மேற்படாத இலைச்சிறகுகள், மிமோசா பிக்ராவுக்கு நீண்ட காம்பு நெடுக ஜோடி ஜோடியாகச் சிறகுகள், இடையிடையே நேர்முள். உயரமும் ஆறு மீட்டர்வரை போகும்.

இரண்டுமே வெப்பமண்டல அமெரிக்கச் செடிகள்தானே, இதை மட்டும் ஏன் பழிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. சின்னது தரையோடு கிடக்கிறது. இதுவோ நீர்க்கரையை முட்காடாக்கி மற்றச் செடிகளின் வெளிச்சத்தைப் பறிக்கிறது. மலேசியாவில் 1980இல் கிளந்தானில் முதலில் பதிவானது. சுணை அடர்ந்த காய்த்துண்டுகள் நீரில் மிதந்து பரவும். ஆறு ஏறாத மேட்டுக்கு விதையைச் சேர்ப்பதில் கட்டுமான மணலுக்கும் பங்குண்டு. பேராக்கின் பழைய ஈயக் குட்டைகளில் மணல் அள்ளும் கரையை முதலில் பார்க்கச் சொல்வது அதனால்தான்.