சலவைக் கணக்கும் நாடக அரங்கும்

சலவைக்குத் துணி போடும்போது, "வேட்டி நாலு, புடவை மூன்று" என்று கணக்கு எழுதி வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? அதை லேசாக நினைத்து விடாதீர்கள். ஜெர்மனியில் ஒரு நாடக அரங்கின் படம் அருங்காட்சியகத்தில் இடம் பிடித்ததற்கு மூல காரணமே ஒரு சலவைக் கணக்குத்தான்!

முனிச் நகரில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்று ஓர் இளைஞர் இருந்தார். நடிகரான தகப்பனார் 1791-ல் காலமாகி விட்டார். பிள்ளை நாடகம் எழுதினார், அச்சிடக் காசில்லை. தாமே அச்சடிக்க எண்ணி, வழவழப்பான சுண்ணாம்புக் கல் ஒன்றில் எழுதிப் பழகி வந்தார்.

1796-ல் ஒரு நாள் சலவைக்காரி வாசலில் காத்திருந்தாள். கணக்கு எழுதச் சொன்னார் அம்மா. வீட்டில் துண்டுக் காகிதம்கூட இல்லை! மெழுகு, சோப்பு, விளக்குக் கரி சேர்த்துத் தாமே செய்த மையால் கல்லின் மேலேயே எழுதி விட்டார். பிறகு அழிக்கப் போனபோதுதான், 'இதிலிருந்தே அச்சு எடுத்தால் என்ன?' என்று தோன்றியது.

இரண்டு வருஷப் பாடுக்குப் பின் பிறந்தது கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது அடுப்பங்கரையில் நாம் அறிந்த சங்கதிதானே? சூட்சுமம் அவ்வளவுதான். கொழுப்பு மையால் வரைந்து கல்லை நனைத்தால், பிறகு தடவும் மையைக் கோடுகள் மட்டும் பிடித்துக்கொள்ளும். ஈரமான இடம் தள்ளிவிடும். ரவி வர்மாவின் லக்ஷ்மியும் சரஸ்வதியும் நம் பூஜை அறைக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

நாடகத்துக்காகத் தேடிய கலை, நாடக அரங்குக்கே பிற்பாடு கைகொடுத்தது. முனிச்சின் நேஷனல் தியேட்டரை 19-ம் நூற்றாண்டில் கல்லச்சில் படமாக்கினார்கள். எட்டுப் பெரிய தூண்கள்; மேலே அடுக்காக இரண்டு முக்கோண முகடுகள். எவ்வளவு கம்பீரம்!

அந்தக் கம்பீரத்தின் பின்னே எத்தனை துயரம்! 1818-ல் திறந்த முதல் அரங்கு, 1823 ஜனவரி 14-ல் தீப்பிடித்தது. கடுங்குளிரில் தண்ணீர் உறைந்துபோக, பீரைக் கொண்டுவந்து ஊற்றினார்களாம். அப்படியும் அரங்கு பிழைக்கவில்லை. இரண்டே வருஷத்தில் மறுபடி கட்டினார்கள். படத்தில் இருப்பது அந்த இரண்டாவது அரங்கு. அதுவும் 1943 அக்டோபரில் குண்டு வீச்சில் அழிந்தது. இருபது வருஷம் இடிபாடாகக் கிடந்தது. ஊர் ஜனங்கள் மனம் விடவில்லை. லாட்டரிச் சீட்டு விற்றுக்கூடப் பணம் சேர்த்தார்கள். 1963 நவம்பரில் பழைய முகப்போடு அரங்கு மீண்டும் எழுந்தது.

கல்லால் கட்டிய அரங்கு இருமுறை விழுந்தது. கல்லிலிருந்து எடுத்த காகிதமோ அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆகையால் அடுத்த முறை அலமாரியைச் சுத்தம் செய்யும்போது, பழைய படம் எதையும் அவசரப்பட்டுக் கிழித்துவிடாதீர்கள். நாளை உங்கள் பேத்திக்கு, பாட்டி வீடு எப்படி இருந்தது என்று சொல்ல அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்!