போர்டே இல்லாத கடை பிராண்டு ஆனது எப்படி? பெயர் வாங்கும் வழிகள்!

திருநெல்வேலி டவுன், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலையானால் ஒரு கடை முன்பு கூட்டம் கூடிவிடும். பளபளக்கும் கண்ணாடி அலமாரி இல்லை. கண்ணைப் பறிக்கும் போர்டு இல்லை. மங்கலான வெளிச்சத்தில் சுடச்சுட அல்வா விற்பார்கள். சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 'இருட்டுக்கடை' என்ற பெயர்கூட அந்த மங்கிய வெளிச்சத்தைப் பார்த்து மக்கள் வைத்ததுதான்!

பிராண்டு என்றால் லோகோ, விளம்பரம், விசிட்டிங் கார்டு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கடை ஒரு பாடம். போன தடவை வாங்கியது போலவே இந்தத் தடவையும் இருக்கும் என்ற நம்பிக்கைதான் பிராண்டு. அல்வாவுக்கும் அதுதான், ஆபீஸில் வேலை பார்க்கும் உங்களுக்கும் அதுதான்.

அப்பா பெயரில் ஒரு ஷாம்பு

கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன், 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். அப்பா சின்னிகிருஷ்ணனின் பெயரிலிருந்தே 'சிக்' என்ற பெயர் வந்தது.

பெயர் வைத்ததோடு அவர் நிற்கவில்லை. ஷாம்பு பழக்கமே இல்லாத கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பி, தலைக்கு எப்படித் தேய்த்துக் குளிப்பது என்று நேரில் செய்து காட்ட வைத்தார். காலி சாஷேக்கள் ஐந்தைக் கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார். வாங்கிப் பார்த்தவர்கள் மறுபடி கேட்டு வாங்கினார்கள். நிறுவனத்தின் பெயர் 1998-ல் 'கெவின்கேர்' ஆனது. 'கவின்' என்றால் அழகு!

உங்களுக்கும் ஒரு பெயர் உண்டு

"எக்செல்ல சந்தேகமா? அந்த அக்காகிட்ட கேளுங்க" என்று ஆபீஸில் ஒருவரைக் கைகாட்டுகிறார்கள் அல்லவா? அதுதான் தனிமனித பிராண்டு. புதுப் பொறுப்பு வரும்போது முதலில் நினைவுக்கு வருவதும் அந்தப் பெயர்தான். அதற்குச் சில வழிகள்:

* உங்கள் வேலையை ஒரே வரியில் சொல்லப் பழகுங்கள். 'டெய்லரிங் செய்கிறேன்' என்பதைவிட, 'ஆரி ஒர்க் பிளவுஸ், சொன்ன தேதியில் கிடைக்கும்' என்பது மனதில் நிற்கும்.

* சொன்ன தேதியில் கொடுங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த ஆர்டர் தரமாட்டார்.

* வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், லிங்க்டுஇன் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே படம் வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். அதில் பொருள்களின் படங்களையும் விலையையும் கேட்டலாக்காகப் போடலாம்.

* உங்கள் பெயரை கூகுளில் தேடிப் பாருங்கள். வேலைக்கு எடுப்பவர்களும் தேடக்கூடும்.

பெயரைப் பூட்டி வையுங்கள்

வீட்டில் பொடி அரைத்து விற்கிறீர்கள். மெல்ல மெல்லப் பெயர் வாங்கிவிட்டீர்கள். அதே பெயரில் வேறொருவர் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தால்? அவர் பொடியில் கல் இருந்தாலும் திட்டு உங்களுக்குத்தான் விழும்.

இதற்குத்தான் டிரேட்மார்க். ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்புப் பதிவு இரண்டும் இருந்தாலே பெயர் நமக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெயருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்கு முன்பு, அதே பெயரை வேறு யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று டிரேட்மார்க் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, முதல் பில், முதல் லேபிள், பழைய ஆர்டர் மெசேஜ்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பெயர்த் தகராறு வந்தால், முதலில் பயன்படுத்தியது நீங்கள்தான் என்று காட்ட அவைதான் கைகொடுக்கும்.

பெயரைப் பதிவு செய்ய ஒரு விண்ணப்பம் போதும். பெயர் வாங்கத்தான் பல வருடங்கள் ஆகும். இன்றைக்கே உங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்: "என்னைப் பற்றி அடுத்தவரிடம் என்ன சொல்வீர்கள்?" அவர் சொல்லும் பதில்தான் உங்கள் பிராண்டு!