மெல்லிய மீன் தொட்டியில் துளை போடும் முன்

மீன் தொட்டிக்குக் கீழே தனியாக ஒரு சம்ப் வைத்து, தண்ணீரை அங்கே இறக்கி வடிகட்டி மோட்டாரால் மேலே ஏற்ற நினைக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும்: கண்ணாடியில் துளை போடலாமா? போடலாம். வீட்டிலேயே, பேட்டரியில் ஓடும் சாதாரண ட்ரில்லை வைத்துப் போடலாம். ஆனால் சிறிய தொட்டிகள் பலவும் 4 அல்லது 5 மி.மீ. கண்ணாடியில் ஒட்டியவை. அந்தக் கனத்தில், ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன் நாம் எடுக்கும் முடிவுகள்தான் தொட்டியைக் காப்பாற்றும்.

முதலில், அது எந்த வகைக் கண்ணாடி? கடைக்காரர்கள் ‘டஃபன்ட்’ என்று சொல்லும் கண்ணாடியில் துளை போட முடியவே முடியாது. அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று ஆற வைத்திருப்பார்கள். மேற்பரப்பு முந்தி இறுகிவிடும். உள்பகுதி மெதுவாக ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை நெருக்கும். தான் இழுபட்ட நிலையிலேயே உறைந்துவிடும். ட்ரில் அந்த உள்பகுதியை எட்டினால் மொத்தப் பலகமும் பொடிப்பொடியாக உதிரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக ஒளிரவிட்டு, பலகத்தின் பின்னால் வையுங்கள். முன்னாலிருந்து போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாக, அதை மெல்லத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். டஃபன்ட் என்றால் கருப்புப் பட்டைகளோ, திட்டுகளோ, வானவில் நிறங்களோ தெரியும். சாதாரணக் கண்ணாடி ஒரே சீராக இருக்கும். சென்னை கொளத்தூர் மாதிரி இடங்களில் அளவு சொல்லி ஒட்டி வாங்கியவை பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடிதான். கம்பெனித் தொட்டிகளில் அடிப்பலகம் மட்டும் டஃபன்டாக இருப்பதுண்டு. அதனால் துளை போடப்போகும் பலகத்தையே சோதித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கனம். தண்ணீர் தள்ளும்போது பலகம் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைகிறது. அந்த வளைவால் கண்ணாடியில் ஏற்படும் இழுவிசை, கனத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 6 மி.மீ. பலகத்தோடு ஒப்பிட்டால், அதே அளவுள்ள 4 மி.மீ. பலகம் இரண்டேகால் மடங்கு இழுவிசையைத் தாங்க வேண்டியிருக்கும். துளை இதை இன்னும் கூட்டும். ஒரே திசையில் இழுக்கப்படும் அகலமான தகட்டில் வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் விசை மூன்று மடங்காகும் என்று கிர்ஷ் என்ற ஜெர்மன் பொறியாளர் 1898-லேயே கணக்கிட்டுக் காட்டினார். 4 மி.மீ. தொட்டியில் துளை வேண்டாம் என்பதே என் கருத்து. கண்ணாடிக் கடையில் பின்பலகத்தை மட்டும் 6 மி.மீ.ஆக வெட்டி, துளையும் போடச் சொல்லி, பழையதைப் பிரித்துவிட்டு சிலிக்கோனால் ஒட்டிக்கொள்ளலாம். 5 மி.மீ. என்றால், தொட்டி சிறியதாக இருக்கும் பட்சத்தில், இடத்தைச் சரியாகத் தேர்ந்து போடலாம்.

எது சரியான இடம்? பின்பலகத்தின் மேல் பகுதி, ஒரு மூலைப் பக்கம். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது: 30 செ.மீ. ஆழத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 30 கிராம் எடை அழுத்துகிறது, 5 செ.மீ. ஆழத்தில் வெறும் 5 கிராம். மேலே இருக்கும் துளையில் வாஷர் பழுதானாலும் துளை மட்டம் வரைதான் தண்ணீர் இறங்கும், மீன்கள் பிழைக்கும். நீளவாக்கில் நடுப்பகுதி வேண்டாம். பலகம் அதிகம் வளைவது அங்கேதான். துளையின் ஓரத்துக்கும் கண்ணாடியின் ஓரத்துக்கும் நடுவே துளையின் விட்டத்துக்குக் குறையாத இடைவெளி இருக்கட்டும். துளையின் அளவைப் பைப்பின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். துளையில் பொருத்திப் பைப்பை இணைக்கும் ‘அரை இஞ்ச்’ டேங்க் நிப்பிளின் மரை, வெளிவிட்டத்தில் அரை அங்குலத்தைவிடப் பெரியது. நிப்பிளை முதலில் வாங்கி, மரையை அளந்து, அது லேசாக ஆடிக்கொண்டு நுழையும் அளவில் பிட் வாங்குங்கள்.

கண்ணாடிக்கான பிட் ஒரு எஃகுக் குழாய். அதன் விளிம்பில் வைரத் துகள்கள் பதித்திருக்கும். மரத்தைத் துளைக்கும் பிட் மாதிரி இது சீவாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு பிறக்கும். கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் அந்தச் சூடு துளையைச் சுற்றியே தங்கி, அந்த இடம் மட்டும் விரிந்து, விரிசல் விடும். ஆகவே தண்ணீர் இல்லாமல் ஒரு விநாடிகூட ஓட்டக் கூடாது.

தொட்டியை முன்பலகம் கீழே இருக்குமாறு தெர்மாகோல் மீது படுக்க வையுங்கள். உள்ளே முன்பலகத்தின் மேல் பழைய துண்டை விரியுங்கள். வெட்டுப்பட்ட வில்லை விழுந்து அதைக் கீறிவிடக் கூடாது. துளை விழும் இடத்தின் உள்பக்கத்தில் பேக்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். மேலே, குறித்த இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். பிட் வழுக்கி ஓடாமல் இருக்க, அதே அளவு ஓட்டை போட்ட ஒட்டுப்பலகைத் துண்டை இருபக்க டேப்பால் ஒட்டி வழிகாட்டியாக வைக்கலாம். வட்டமாகப் பள்ளம் விழுந்ததும் அதை எடுத்துவிடலாம். மின்வயர் உள்ள ட்ரில்லைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். ட்ரில்லில் தட்டித் துளைக்கும் ஹேமர் வசதி அணைந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

குறைந்த வேகம், ட்ரில்லின் எடையே போதும், கையால் அழுத்த வேண்டாம். சில விநாடிக்கு ஒருமுறை பிட்டைத் தூக்கினால் புதுத் தண்ணீர் உள்ளே போகும், பால் மாதிரி வெளுத்த கண்ணாடிக் குழம்பு வெளியே வரும். 5 மி.மீ.க்கு ஐந்து நிமிடமாவது ஆகட்டும். கடைசி ஒரு மில்லிமீட்டர்தான் மிக ஆபத்தானது. அடியில் மிச்சமிருக்கும் மெல்லிய கண்ணாடி, அழுத்தம் பட்டால் சில்லாகப் பெயரும். ஒலி மாறும்போது கையை இன்னும் தளர்த்துங்கள், ட்ரில்லைக் கொஞ்சம் தூக்கியே பிடியுங்கள். பிட் முன்னேறவில்லை என்றால் வைரம் தேய்ந்துவிட்டது என்று பொருள். பிட்டை மாற்றுங்கள், அழுத்தாதீர்கள். குழம்பைக் காயவிடாமல் ஈரத்தோடு கழுவிவிடுங்கள். காய்ந்தால் அந்தத் தூள் மூச்சில் ஏறும்.

துளை விழுந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிட வேண்டாம். கண்ணாடியின் பலத்தைத் தீர்மானிப்பவை அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்கள். 1921-இல் வெளியான, கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் ஆய்வுக் கட்டுரை இதைத்தான் விளக்கியது. புதிதாக வெட்டிய விளிம்பு முழுக்க அப்படிப்பட்ட கீறல்களே. 220 எண், பிறகு 400 எண் வாட்டர் பேப்பரை நனைத்து, இரு பக்க விளிம்பையும் கூர் மழுங்கத் தேயுங்கள். நகத்தில் இடறும் சில்லு எதுவும் மிஞ்சக் கூடாது.

நிப்பிளின் அகலமான தலையும் ரப்பர் வாஷரும் தொட்டியின் உள்பக்கம் வரவேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். ஸ்பேனர் வேண்டாம். பிவிசி பைப்பின் எடை மெல்லிய கண்ணாடியில் தொங்கக் கூடாது. ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள், அல்லது வளையும் ஹோஸ் போடுங்கள்.

மீனை விடும் முன் வாசலிலோ மாடியிலோ தொட்டியை நிரப்பி ஒரு நாள் முழுக்க வைத்துப் பாருங்கள். பிறகு மோட்டாரை ஓடவிட்டு, வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் துளை மட்டம் வரை இறங்கும். மேலே ஏறும் பைப்பின் வாய் நீருக்குள் இருந்தால், அது வெளியே தெரியும் வரை அந்த வழியாகவும் இறங்கும். 60-க்கு 30 செ.மீ. பரப்புள்ள தொட்டியில் ஒவ்வொரு செ.மீ. இறக்கத்துக்கும் 1.8 லிட்டர் சம்புக்குப் போகும். 3 செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர். அவ்வளவு இடம் சம்பில் எப்போதும் காலியாக இருக்குமாறு, மோட்டார் ஓடும்போதே நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். நள்ளிரவில் கரண்ட் போனாலும் தரையில் தண்ணீர் வராது.