இல்லறத்தாருக்கும் சிலம்படி

சிலம்படி என்றதும் நம்மவர் நினைவில் எழுவன திருவிழா வீதியும், பறையொலியும், மீசை முறுக்கிய இளைஞருமே. பிள்ளை குட்டிகளோடு மாதச் சம்பளத்தை எண்ணியெண்ணிச் செலவிடும் இல்லறத்தாருக்கும் அக்கலைக்கும் என்ன தொடர்பு என வினவுவோர் பலர். தொடர்பு உண்டு என்பதே நமது துணிபு.

வந்தாறுமூலையை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனை வீதியில் அமைந்த ஊர் இது. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் நிறைவு பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகம் இங்குள்ளது. வயலுக்குச் செல்வோர், களுவன்கேணிக் கடலை நம்பியிருப்போர், எழுதுவினைஞர், விரிவுரையாளர் என்று பலதரப்பட்டோர் இச்சுற்றாடலில் வாழ்கின்றனர். தொழில் எதுவாயினும் மாலைப்பொழுது ஒன்றுதான். பிள்ளையைத் தனியார் வகுப்பிலிருந்து அழைத்து வரவேண்டும். கடன் தவணை கட்டவேண்டும். அடுப்பில் உலை கொதிக்கவேண்டும். மேலதிகாரியிடம் காட்ட இயலாத சினம் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கணக்குக் கொப்பியின்மேற் பாய்கிறது. சில வீடுகளிற் பிள்ளையின் முதுகின்மேலும் பாய்கிறது.

பழைய சுமையும் உண்டு. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி இப்பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அன்று குழந்தைகளாயிருந்தோர் இன்று தந்தையரும் தாயருமாய் இருக்கின்றனர். ‘சிறு விடயத்துக்கு இவ்வளவு கோபமா?’ என அவர்களை நாம் எளிதிற் கேட்டுவிடலாகாது.

சினமும் அச்சமும் எழும்போது உடலில் நடப்பதென்ன? சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின், கோர்ட்டிசோல் முதலியவற்றை இரத்தத்திற் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிவிடுகிறது. ஆயின் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ஓடுவதெங்கே, எதிர்ப்பது யாரை? மூண்ட வேகம் வடிய வழியின்றி உள்ளேயே நிற்கிறது. அதற்கு ஒரு வடிகால் வேண்டும்.

வேகமாக நடந்தாலும் போதுமே எனலாம். போதும்தான். எனினும் நடக்கும்போது கால் ஒரு பக்கமும் கவலை மறு பக்கமும் போகும். கோல் சுழலும்போது அது நடவாது; கவனம் இமைப்பொழுது சிதறினாலும் சொந்தக் கோலே முழங்காலைப் பதம் பார்த்துவிடும்! கிழக்கிலங்கையிலே தமிழரும் முஸ்லிம்களும் பயின்று வந்த சீனடி, சிலம்படிக் கலைகளின் சிறப்பு இதுவென்று கருதுகிறோம். கையும் காலும் கண்ணும் ஒரே வேலையில் அமர்ந்துவிடுவதால், கடன் தவணைக்கு அங்கே இடமில்லை. மேலும், ஓங்கிய கோலை நினைத்த இடத்தில் நிறுத்தப் பழகுவது இப்பயிற்சியின் பெரும்பகுதி. வீட்டில் ஓங்கும் கைக்கும் அப்பழக்கம் வேண்டியதன்றோ?

இதற்குத் தொலைதேசத்துச் சான்று ஒன்றுண்டு. ஒக்கினாவாத் தீவிலே 1868 இற் பிறந்த பூனாக்கோஷி கிச்சின், கராத்தே கலையை ஜப்பானியப் பெருநிலத்திற் பரப்பியவர். அவர் சொற்பச் சம்பளம் பெற்ற பள்ளி ஆசிரியர். பெரிய குடும்பத்தைத் தாங்கியவர். பகலிற் கற்பித்து, இரவில் விளக்கேந்தித் தம் ஆசான் வீட்டுக்கு நடந்தார். ஆனால் நமக்கு வேண்டியவர் அவருடைய மனைவியாரே. இல்லத்துப் பாரம் முழுவதையும் சுமந்த அவ்வம்மையார், உடல் மிகச் சோர்ந்த வேளையிற் படுத்து இளைப்பாறுவதில்லையாம். வெளியே சென்று கராத்தே அடவுகளைப் பயில்வாராம். நாளடைவில் அதில் வல்லவராகவும் ஆனாராம். கணவரே தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை வியந்து எழுதியுள்ளார். தாய்மாருக்கு நேரமேது என்போர் இதனைக் கவனிக்க.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோருக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும். அரை மணி வீதம் ஐந்து நாள் என்க. நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தவருக்கு இக்கணக்கு வேண்டியதில்லை. அவருக்குப் பத்து நிமிட மெதுவான காலடிப் பயிற்சியும் நீண்ட மூச்சும் மனத்தை அமர்த்தவே.

தொடங்குவோர் முதலிற் கோலைத் தொடாது காலடியைப் பழகுக. பின்னர் நெற்றியளவு உயரமான மூங்கிலோ பிரம்போ போதும். கற்றறிந்த அண்ணாவியார் ஒருவரிடமே கற்கவேண்டும். புத்தகம் பார்த்துச் சுழற்றுவது கண்ணுக்கு ஆபத்து. எதிராளியோடு பொருதும் ஆசை இல்லறத்தாருக்கு வேண்டாம். நெஞ்சுநோய், முதுகுநோய் உள்ளோர் முன்னரே வைத்தியரைக் கேட்டுக்கொள்க. உறக்கம் கெட்டு, பழைய நினைவுகளால் வாடுவோருக்குக் கோல் மருந்தாகாது. அவர்களும் வைத்தியரை நாடவேண்டும்.

வளவில் இடமிருந்தால் பிள்ளைகளையும் எட்ட அமர்த்திப் பார்க்க விடலாம். அப்பாவின் கையிற் கோல் இருந்தும் அச்சமின்றிப் பார்த்திருப்பது சில பிள்ளைகளுக்குப் புதிய அனுபவமாய் இருக்கும்.